கவிதைத் தொகுப்புக்கு எடிட்டர் தேடியபோது

கவிதைக்கு எடிட்டர் என்று பேச்சை எடுத்தாலே, "எழுதினவர் மனசு அது, அதில் இன்னொருத்தர் கை வைக்க என்ன இருக்கிறது?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நானூறு பக்க நாவலில் ஒரு வாக்கியம் தொய்ந்தால் கதை அதைத் தாங்கிக்கொள்ளும். எட்டு வரிக் கவிதையில் ஒரு வரி தொய்ந்தால் மொத்தமும் போச்சு.

என் தொகுப்பை நான் முதலில் கொடுத்தது, கட்டுரை நூல்களைச் செம்மையாக்குவதில் நல்ல பெயர் எடுத்த ஒருவரிடம். அவர் உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வந்த கோப்பில் என் கவிதைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் காட்டுகிறேன். நான் எழுதியது இது:

பூட்டிய வீட்டுக்குள்
ஓடிக்கொண்டே இருக்கிறது
கடிகாரம்
யாருக்காக?

அவர் கையில் அது இப்படி ஆகியிருந்தது:

பூட்டிய இல்லத்தின் மௌனத்தில்
துளித்துளியாய்க் கசிகிறது
காலம்

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவருடைய கவிதை. வீடு ஏன் இல்லம் ஆனது, கடிகாரம் எங்கே போனது என்று ஓரத்தில் ஒரு சொல்கூட இல்லை. பேசிய தொகையைக் கொடுத்து, நன்றி சொல்லி, பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்தவரைக் கண்டுபிடித்தது வேறு வழியில். எனக்குப் பிடித்த தொகுப்புகளின் நன்றிப் பக்கங்களை வரிசையாகப் படித்தேன். கவிஞர்கள் அங்கே மனம்விட்டு எழுதுவார்கள். யார் பிரதியைப் பார்த்தது, யார் சொல்லி எது நீங்கியது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். இரண்டு மூன்று புத்தகங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவருக்கே எழுதிக் கேட்டேன். முழுத் தொகுப்பையும் உடனே அனுப்ப வேண்டாம், சில கவிதைகளை மட்டும் அனுப்புங்கள், நீங்கள் முடிந்துவிட்டது என்று நினைப்பதில் ஒன்று, உங்களுக்கே சந்தேகமாக இருப்பதில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும் என்றார். இப்படிக் கேட்டதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தக் கடிகாரக் கவிதையையும் அனுப்பியிருந்தேன். கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: "இந்தக் கேள்வி மூன்றாவது வரியிலேயே வாசகர் மனதில் வந்துவிட்டது. நீங்களும் கேட்க வேண்டுமா?" அவ்வளவுதான். எடுங்கள் என்று சொல்லவில்லை, வேறு வரியும் எழுதித் தரவில்லை. அந்த வரியை விட எனக்கு லேசில் மனசு வரவில்லை. அப்புறம் எடுத்துவிட்டுப் படித்தேன். 'கடிகாரம்' என்ற சொல்லோடு கவிதை நின்றபோதுதான் அந்த வீடு உண்மையிலேயே காலியானது.

எல்லாக் குறிப்பும் இப்படி வெட்டுவதாக இருக்கவில்லை. இன்னொரு கவிதையில் 'கதவைத்' என்று ஒரு வரி முடிந்து, 'தட்டுகிறது காற்று' என்று அடுத்தது தொடங்கும். இலக்கணப்படி அங்கே த் மிகும். மெய்ப்பு மட்டும் பார்ப்பவர் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். இவர் கேட்டது: "இங்கே வாசகர் நிற்க வேண்டுமா, மூச்சு தொடர வேண்டுமா? நிற்க வேண்டும் என்றால் அந்த ஒற்று வரியின் நுனியில் தொங்குகிறது. எது வேண்டுமோ அதைத் தொகுப்பு முழுவதும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்." வரியை எங்கே முறிப்பது என்பதை அதுவரை யாரும் என்னோடு இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை. ஒற்றுகளை அப்படியே வைத்துக்கொண்டேன், என் கவிதைகளில் மூச்சு தொடரத்தான் வேண்டும். அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர் டி. எஸ். எலியட்டின் நெடுங்கவிதை 'தி வேஸ்ட் லேண்ட்' 1922இல் வெளிவருவதற்கு முன்னால், அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் அதில் பக்கம் பக்கமாக வரிகளை அடித்து நீக்கினார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. நான்காம் பகுதியில் நீளமான கடற்பயணம் முழுக்கப் போய், பத்து வரிதான் மிஞ்சியது. மனம் தளர்ந்த எலியட், அந்தப் பத்தையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது, அது இல்லாமல் கவிதை நிற்காது என்று தடுத்தவரும் பவுண்ட்தான். அடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதைத் தொடக் கூடாது என்று தெரிந்த ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பணம் பேசும்போது ஒன்று கவனியுங்கள். சொல் கணக்கில் கூலி பேசுவது உரைநடைக்குச் சரி, கவிதைக்கு ஒத்துவராது. முப்பது சொல்லில் ஒருவர் அரை நாள் உட்கார வேண்டியிருக்கும். தொகுப்புக்கு இவ்வளவு என்றோ மணிக்கணக்கிலோ பேசுவது இரண்டு பேருக்கும் நியாயம். எத்தனை சுற்றுப் பார்ப்பார், திருத்திய பிரதியை மறுபடி படிப்பாரா, ஏற்பதும் விடுவதும் யார் முடிவு, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் போட்டுத் தருகிறேன், விருதுக்கு அனுப்புகிறேன் என்று பேச்சைத் தொடங்குபவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். அது எடிட்டர் வேலையே கிடையாது.

* * *

மேலே வரி முறிப்பைப் பற்றிச் சொன்னீர்கள், மரபில் எழுதுகிறவர்களுக்கும் இதே பாடுதான். வெண்பாத் தொகுப்பு ஒன்றைச் செம்மையாக்கக் கொடுத்திருந்தேன். வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொற்கள் சேர்ந்து வரும் புணர்ச்சியையெல்லாம் பிரித்துவிட்டார். 'வந்த தறியேன்' என்று நான் எழுதியது 'வந்தது அறியேன்' ஆனது. முதலில் இருந்தது மா முன் நிரை, அதாவது வெண்பாவுக்கு வேண்டிய வெண்டளை. பிரித்ததும் விளம் முன் நிரையாகித் தளை, அதாவது சீர்களுக்கு இடையிலான இணைப்பு, தட்டுகிறது. இப்படித் தொகுப்பு முழுக்க!

அதனால் மரபுக் கவிதைக்கு ஆள் தேடும்போது நான் இப்போது முதலில் ஒரு வெண்பாவை அனுப்பி, அலகிட்டு, அதாவது சீர் அசை பிரித்து, காட்டச் சொல்கிறேன். வயதையும் அனுபவத்தையும் பார்த்து இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. தெரிந்தவர் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர் அலகிட்டுக் காட்டியதோடு நிற்காமல், மூன்றாம் அடியில் எதுகைக்காக மட்டும் வந்து உட்கார்ந்திருந்த ஒரு சொல்லையும் சுட்டிக்காட்டினார். தளை சரி, பொருள் எங்கே என்று கேட்டார். என் தொகுப்பு இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

* * *

இரண்டு பேருடைய பதிவும் மனதுக்கு நெருக்கமாக இருந்தது. நான் பட்டது பேச்சுமொழியில். அம்மாவின் குரலில் எழுதிய கவிதைகளில் 'வரச் சொல்லிட்டு' என்பதெல்லாம் 'வரச் சொல்லிவிட்டு' என்று மாறி வந்தது. இலக்கணம் சரி, அம்மாவைக் காணோம். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1890இல் அவர் கவிதைகள் முதன்முதலில் புத்தகமானபோது, பதிப்பித்தவர்கள் அவர் நிறுத்தக்குறியாகப் போட்டிருந்த சிறு கோடுகளை எடுத்து, எதுகையைச் சீராக்கி, தலைப்பும் வைத்தார்கள். அவர் எழுதிய வடிவத்துக்கு நெருக்கமான முழுப் பதிப்பு வர 1955 ஆனது. அவர் உயிரோடு இல்லை, மறுக்க முடியவில்லை. நமக்கு வாய் இருக்கிறது.

இப்போது பிரதியோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் சேர்த்து அனுப்புகிறேன். எந்தக் கவிதைகள் பேச்சுமொழியில் இருக்கின்றன, எந்தச் சொற்களை வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறேன், நிறுத்தக்குறி எங்கே தெரிந்தே இல்லை, இவ்வளவுதான் அதில் இருக்கும். இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஏழாவது கவிதையில் மட்டும் அம்மா ஏன் எழுத்துத்தமிழ் பேசுகிறார்?" என்று கேட்டவரிடம்தான் வேலையை ஒப்படைத்தேன். கவிதைகளின் வரிசையையும் அவரே தரையில் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்து எழுதி அனுப்பினார். அதில் இன்னும் ஒத்துப்போகவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.