கண்ணுக்குள் ரத்தம் கசிந்தபோது முதலில் என்ன தெரிந்தது?

மதுரை மகள்
அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். "முடி கிடக்குடி, எடுக்க எடுக்க நழுவுது" என்று விரலால் துழாவினார். எட்டிப் பார்த்தேன், முடியே இல்லை. "கண்ணாடியைத் தொடைம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. மூன்றாம் நாள், சுவரில் ஒட்டடை தொங்குகிறது என்று துடைப்பத்தோடு வந்து நின்றார். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. வலது கண்ணைப் பொத்தினால் எல்லாம் தெளிவு, இடது கண்ணைப் பொத்தினால் ஒரே புகை. 14 வருடச் சர்க்கரை. விழித்திரையில் புதிதாக முளைத்த மெல்லிய ரத்தக்குழாய் உடைந்து கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையெல்லாம் தவறாமல் வாங்கிக் கொடுத்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க ஒருமுறைகூட அழைத்துப் போனதில்லை.

இரவுப் பணி
எனக்குச் சர்க்கரை கிடையாது, வயது 58. ஓரக்கண்ணில் இரண்டு தடவை மின்னல் வெட்டியது. அப்புறம் தண்ணீரில் மை சொட்டிய மாதிரி ஒரு கருஞ்சுருள் பரவியது. தூங்கி எழுந்தால் பார்ப்பதெல்லாம் செம்புகை. மத்தியானம் கொஞ்சம் விலகவே, சரியாகிறது என்று நினைத்தேன். மறுநாள் காலை மறுபடி அதே புகை. படுத்தால் ரத்தம் பரவி நடுப்பார்வையை மறைக்குமாம், நிமிர்ந்திருந்தால் அடியில் தங்குமாம். விழித்திரை கிழிந்திருந்தது. கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தார்கள்.

கோவை 61
எனக்கும் போன மாதம் இருமி இருமி வெள்ளைவிழி முழுக்க ரத்தம். பத்து நாளில் தானாகப் போய்விட்டது. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பூப்பந்து அப்பா
கோவை அண்ணா, உங்களுக்கு வந்தது கண்ணின் மேல்தோலுக்கு அடியில் வரும் கசிவு. கண்ணாடியில் பார்த்தாலே தெரியும், பார்வையைக் கெடுக்காது. இவர்கள் இருவரும் சொல்வது உள்ளே கசிவது. வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், படிக்கிறவர் பத்து நாள் காத்திருந்து பார்வையை இழப்பார். என் மகனுக்குப் பூப்பந்து பட்டு, கருவிழிக்குப் பின்னால் ரத்தம் பிறை மாதிரி தேங்கி நின்றதைப் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். திடீரென்று கண் முன்னால் பூச்சி பறப்பது மாதிரி தெரிந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாலோ அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் போங்கள். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றுவது இதற்கு உதவாது. உள்ளே ரத்தம் மறைத்தால் கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும், வண்டி ஓட்ட ஆள் கூட்டிப் போங்கள். மதுரைச் சகோதரி, அம்மாவைத் தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னார்களா? இடது கண்ணையும் பார்த்தார்களா?

மதுரை மகள்
மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார். இடது கண்ணிலும் அந்தக் குழாய்கள் முளைக்கத் தொடங்கிவிட்டதாம், இன்னும் கசியவில்லை. வியாழக்கிழமை லேசர். லீவு போட்டுவிட்டேன்.