டோரில் வெளியேறும் நாட்டை நானே குறித்தேன், இப்போது இணைப்பே வரவில்லை

புதியவன்27:
வணக்கம். ஒரு மாதமாக டோர் பிரவுசர் (இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி, நாம் யார் என்பதை மறைக்கும் உலாவி) வைத்திருக்கிறேன். சர்க்யூட்டைப் (இணைப்பு போகும் வழி) பார்த்தால் கடைசிக் கணினி பெரும்பாலும் ஜெர்மனி, இல்லையென்றால் நெதர்லாந்து. ஐஸ்லாந்தில் சட்டம் நல்லது என்று ஒருவர் சொன்னதால், டோரின் அமைப்புகள் இருக்கும் டோர்ஆர்சி கோப்பில் எக்ஸிட்நோட்ஸ் என்று போட்டு ஐஸ்லாந்தை மட்டும் குறித்தேன். கறாராக இருக்கட்டும் என்று கூடவே ஸ்ட்ரிக்ட்நோட்ஸ் 1. அன்றிலிருந்து முதல் பக்கம் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. நேற்றிரவு எதுவுமே திறக்கவில்லை. திறக்கும்போதும் திரும்பத் திரும்ப அதே இரண்டு ஐபிதான். என்ன தவறு செய்தேன்?

தேன்மொழி:
பிரவுசரை மூடிவிட்டு அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிடுங்கள், சரியாகிவிடும். ஐஸ்லாந்தை மட்டும் கேட்டால், அங்கே இருக்கும் ஒரு சில எக்ஸிட்டுக்குள்தான் (நீங்கள் சொன்ன கடைசிக் கணினி) டோர் தேடும். அவை நெரிசலாக இருந்தாலோ நின்றுபோனாலோ வேறு வழி கிடையாது.

வேகத்தை விட எனக்குக் கவலை வேறு. நீங்கள் போகும் தளம் ஒவ்வொன்றும் "ஐஸ்லாந்திலிருந்து வருகிற டோர்காரர்" என்று உங்களைப் பார்க்கும். அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? கூட்டத்தில் கலந்து நிற்பதுதான் டோரின் பலமே. உங்கள் வீட்டு இணைப்பையும் அந்த இரண்டு எக்ஸிட்டையும் ஒரே ஆள் கவனித்தால், நேரத்தை ஒப்பிட்டே இரண்டும் ஒருவர்தான் என்று கண்டுபிடிக்க முடியும். எங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதை நீங்களே காட்டிக் கொடுத்துவிட்டீர்கள்.

புதியவன்27:
புரிகிறது அக்கா. ஆனால் எக்ஸிட் நடத்துபவர் ஒட்டுக்கேட்டால்? நல்ல நாடு என்றால் அந்தப் பயம் குறையாதா?

மணிமாறன்:
குறையாது. 2007இல் சுவீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் ஐந்து எக்ஸிட்களை நடத்தி, தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைச் சேகரித்தார். டோரை அவர் உடைக்கவில்லை. அவர்கள் குறியாக்கம் இல்லாமல் அனுப்பியதை அப்படியே படித்தார், அவ்வளவுதான். எக்ஸிட்டை யார் வேண்டுமானாலும் எந்த நாட்டிலும் வாடகைச் சர்வரில் வைக்கலாம். அதனால் தள முகவரியில் எச்டிடிபிஎஸ் (தளம் வரை குறியாக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டுமே எக்ஸிட்டுக்குத் தெரியும், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. டோருக்குள்ளேயே இயங்கும் ஆனியன் முகவரி உள்ள தளம் என்றால் எக்ஸிட்டே தேவையில்லை.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம்: ஸ்ட்ரிக்ட்நோட்ஸ் எக்ஸிட்நோட்ஸுக்குப் பொருந்தாது. எக்ஸிட்நோட்ஸ் தனியாகவே கறாரானதுதான். ஐபியை வைத்து நாடு சொல்வதும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான், அது தவறாகவும் இருக்கலாம்.

புதியவன்27:
அழித்துவிட்டேன், உடனே திறந்தது! இப்போது கடைசியில் நெதர்லாந்து காட்டுகிறது. ஒரு செய்தித் தளம் மட்டும் "நீங்கள் மனிதர்தானா" என்று படம் படமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தேன்மொழி:
அதற்கும் நாட்டை மாற்ற வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தத் தளத்துக்கு மட்டும் புதிய சர்க்யூட் கிடைக்கும். இரண்டு மூன்று முறை முயன்றால் பெரும்பாலும் விட்டுவிடும்.