பழச்செண்டா, கனிக்குலையா? வியாழன் மதியம் அச்சுக்குப் போகிறது

கோத்தகிரி ஆசிரியை, திங்கள் இரவு:

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்கே மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு வீட்டுச் சாக்லேட் வகுப்பு எடுக்கிறேன். இந்த முறை பாடம், பழங்களைச் சாக்லேட்டில் முக்கி, மூங்கில் குச்சியில் குத்தி, பூங்கொத்து மாதிரி அடுக்கிக் கொடுப்பது. கையேட்டில் செய்முறை எல்லாம் எழுதியாயிற்று, தலைப்பில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வேலை என்னவென்று தெரிந்தால்தானே பெயர் வைக்க முடியும்? ஸ்ட்ராபெர்ரியைக் கழுவி, துணியில் ஒற்றி, நன்றாக உலரவிட வேண்டும். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மண்ணாங்கட்டி மாதிரி இறுகிவிடும். கறுப்புச் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 45 டிகிரி செல்சியஸ் வரை உருக்கி, 27 வரை ஆறவிட்டு, மறுபடி 31-க்குக் கொண்டுவந்து, அப்புறம் பழத்தை முக்க வேண்டும். அன்னாசி வட்டங்களை அச்சு வைத்துப் பூவாக வெட்டுகிறோம். அடியில் ஒரு முட்டைக்கோஸைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, குச்சிகளை அதில் செருகுகிறோம். பூக்கடைப் பச்சைப் பஞ்சு வேண்டாம், அது உணவில் படக்கூடாது.

எனக்கு மூன்று சொல் வேண்டும். ஒன்று முழுப்பொருளுக்கு. இன்னொன்று அந்த 45, 27, 31 வேலைக்கு. மூன்றாவது, சரியாகச் செய்யாவிட்டால் மறுநாள் மேலே படிகிற வெள்ளைக்கு. வியாழன் மதியத்துக்குள் சொன்னால் புண்ணியம்.

ஊட்டி சாக்லேட் கடைக்காரர், திங்கள் இரவு:

பொக்கே. கடையில் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

குன்னூர் புலவர் ஐயா, செவ்வாய் காலை:

பொக்கே என்று எழுதுவதற்கு ஒரு குழு எதற்கு? சகோதரி, 'பூச்செண்டு' இருக்கிறதே, பூவை எடுத்துவிட்டுப் பழத்தை வைத்தால் 'பழச்செண்டு' என்று யாராவது சொல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செண்டு என்பது ஆயுதம். ஐயனார் கையில் இருப்பது செண்டு. உக்கிரகுமார பாண்டியன் மேருமலையை அடித்ததும் செண்டால்தான், திருவிளையாடற் புராணத்தில் தனிப் படலமே உண்டு. செண்டாடுதல் என்றால் பந்தாடுதல். பழத்தைப் பந்தாடவா போகிறோம்?

என் பரிந்துரை 'கனிக்குலை'. குலை பழத்துக்கு மட்டும் உரியதன்று. குறுந்தொகையின் முதல் பாட்டே 'குருதிப் பூவின் குலைக்காந்தட்டே' என்றுதான் முடிகிறது. பூவுக்கும் கனிக்கும் பொதுவான சொல் கையில் இருக்கையில் வேறெங்கே தேடுவது? இன்னொரு பொருத்தம் பாருங்கள். அந்தப் பாட்டின் துறை, தோழி கையுறையை, அதாவது தலைவன் தரும் பரிசை, மறுத்தது. தலைவன் கொண்டுவந்த பூவை, 'இது எங்கள் மலையிலேயே இருக்கிறது' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். நாமும் மலைக்காரர்கள்.

கூடலூர்த் தம்பி, செவ்வாய் காலை:

ஐயா, மன்னிக்கணும். கூடலூரில் குலை என்றால் வாழைக்குலை. 'கனிக்குலை செய்யும் முறை' என்று அட்டையில் போட்டால் என்ன உரம், எத்தனை மாதம் என்று கேட்பார்கள். அதோடு தோழி மறுத்து அனுப்பிய பரிசின் பெயரை விற்கிற பொருளுக்கு வைப்பது வியாபாரத்துக்கு நல்லதா?

பழக்கொத்து என்று வைக்கலாமே.

ஊட்டி சாக்லேட் கடைக்காரர்:

கொத்துப் பரோட்டா மாதிரி பழத்தைக் கொத்திப் போடுவது என்று நினைப்பார்கள்.

கொடைக்கானல் அன்பர், செவ்வாய் மாலை:

எல்லாரும் பின்பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். முன்பாதியில் 'சாக்லேட்' அப்படியே நிற்கிறது, அது யார் கண்ணிலும் படவில்லையா? 'காவிக்கண்டு' என்று சிலர் எழுதி வருகிறார்கள். கண்டு நம் சொல், கற்கண்டில் இருப்பது. ஆங்கிலக் கேண்டி அரபு வழியாக, வடமொழிக் 'கண்ட' என்பதிலிருந்து போனது என்பார்கள். அந்த வடமொழிச் சொல்லுக்கே திராவிட வேர் இருக்கலாம் என்று கருதிய அறிஞர்களும் உண்டு. ஆக, 'காவிக்கண்டுத் தோய்கனிச் செண்டு'. தோய்கனி வினைத்தொகை, ஊறுகாய் போல. இலக்கணமும் இடிக்கவில்லை.

கூடலூர்த் தம்பி:

கண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கடைசி வரை சாக்லேட்டைக் கண்டோஸ் என்றுதான் சொன்னார்.

கொடைக்கானல் அன்பர்:

பார்த்தீர்களா! கண்டோஸ்! கண்டு அங்கேயும் இருக்கிறது!

கூடலூர்த் தம்பி:

இல்லை அண்ணா. கண்டோஸ் அங்கே ஒரு சாக்லேட் கம்பெனியின் பெயர். வனஸ்பதியை டால்டா என்கிற கதை.

கோத்தகிரி ஆசிரியை, புதன் காலை:

சாக்லேட் சாக்லேட்டாகவே இருக்கட்டும். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் படகர் மொழி பேசுகிறவர்கள், பழத்துக்கு ஹண்ணு என்பார்கள். அவர்களுக்கும் எனக்கும் இடையில் சண்டையில்லாத ஒரே சொல் சாக்லேட்தான். இரண்டாவது சொல்லுக்கு வாருங்கள். 'பதப்படுத்துதல்' என்று எழுதினேன். ஒரு அம்மா, 'டீச்சர், உப்புப் போடணுமா?' என்று கேட்டுவிட்டார்.

குன்னூர் புலவர் ஐயா, புதன் காலை:

அவர் கேட்டது நியாயம். பதப்படுத்துவது தோலையும் மீனையும். இரும்பைக் காய்ச்சி நீரில் முக்கி உரமேற்றுவதற்குத் 'தோய்ச்சல்' என்ற சொல் உண்டு. உலோகத்துக்கு ஆகுமென்றால் சாக்லேட்டுக்கும் ஆகும், இரண்டும் சூட்டை ஏற்றி இறக்கி உள்கட்டமைப்பை மாற்றுகிற வேலைதானே. அழகைக் கவனியுங்கள்: கொடைக்கானல் அன்பர் பழத்தை முக்குவதற்குச் சொன்ன தோய்தலும் இதே வேர். தோசையையும் சிலர் தோய்விலிருந்தே கொண்டுவருவார்கள். மாவு தோய்ந்து புளிப்பதால்...

கோத்தகிரி ஆசிரியை:

ஐயா, அழகுதான், ஆனால் அதுவே எனக்கு வினை. 'தோய்ச்சல் முடிந்தபின் தோய்க்கவும்' என்று எழுதினால் அடுப்படியில் யாருக்கு விளங்கும்? அடுத்தடுத்து வருகிற இரண்டு வேலைக்கு ஒரே வேர் ஆகாது.

ஊட்டி சாக்லேட் கடைக்காரர், புதன் மதியம்:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சாக்லேட்டில் இருக்கிற கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். நமக்கு வேண்டியது ஐந்தாவது விதம். அதில்தான் மேலே பளபளப்பு வரும், கடித்தால் டக்கென்று உடையும், 34 டிகிரி பக்கம்தான் உருகும். 27-க்கு இறக்கும்போது நல்லதும் கெட்டதுமாக உறையத் தொடங்கும். 31-க்கு ஏற்றும்போது கெட்டது கரைந்து நல்லது நிற்கும். இதைத்தான் பதம் பார்க்கிறோம் என்று கடையில் சொல்கிறோம். கரண்டி நுனியில் எடுத்துக் காகிதத்தில் தடவினால் சில நிமிடத்தில் மங்காமல் இறுக வேண்டும். அல்வா கிண்டுகிறவர், பாகு காய்ச்சுகிறவர் எல்லாரும் சொல்வது பதம்தான். புதுச் சொல் எதற்கு?

பனைக் கொட்டை எண்ணெய் சேர்த்த மலிவுச் சாக்லேட்டுக்கு இந்தப் பாடு இல்லை, உருக்கி முக்கினால் போதும். கையேட்டில் அதையும் போடுங்கள் அக்கா. நல்ல சாக்லேட் ஊட்டிக் குளிரில் சமர்த்தாக இருக்கும், மேட்டுப்பாளையம் இறங்கினால் கோடையில் குச்சியை விட்டு வழியும்.

வெள்ளைக்கு 'பூத்தல்' சொல்லுங்கள். சுவரில் உப்புப் பூக்கிறது, நெருப்பில் நீறு பூக்கிறது. கொழுப்புப் பூப்பது ஒன்று, சர்க்கரை பூப்பது இன்னொன்று. பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறந்தால் ஈரம் படிந்து சர்க்கரை பூக்கும். மழைக்காலத்தில் இங்கே சும்மா வைத்தாலே பூக்கும்.

கூடலூர்த் தம்பி:

இந்த இழையிலேயே உருப்படியான அஞ்சல் இதுதான்.

கொடைக்கானல் அன்பர்:

பூத்தல் ஏற்புடையது. ஆனால் பூ இல்லாத செண்டில் பூப்பது குற்றம் என்று எழுத வேண்டிவரும். முரண் தெரிகிறதா?

குன்னூர் புலவர் ஐயா:

அது முரணன்று, சிலேடை.

கோத்தகிரி ஆசிரியை, வியாழன் காலை:

அச்சகத்துக்குக் கிளம்புகிறேன். அட்டையில் 'சாக்லேட் பழச்செண்டு'. உள்ளே 'பதமாக்கல்', 'வெள்ளை பூத்தல்', தோய்ப்பதற்குப் பதில் 'முக்குதல்'. பழச்செண்டுக்கு நான், கடைக்காரத் தம்பி, வேறு வழியில்லாமல் கூடலூர்த் தம்பி, மூன்று பேர். கனிக்குலைக்கு ஐயா ஒருவர். காவிக்கண்டுக்கும் ஒருவர்.

குன்னூர் புலவர் ஐயா:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மேருவை அடித்த கருவியைப் பிறந்தநாள் பிள்ளை கையில் கொடுக்கிறீர்கள். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி வரும்போது இதை மறுபடி எடுப்பேன்.

ஊட்டி சாக்லேட் கடைக்காரர்:

எடுங்கள் ஐயா. அக்கா, ஸ்ட்ராபெர்ரி கிடைக்காத வாரம் நம்மூர்ப் பேரிக்காய் போடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வெட்டின பக்கத்தை நன்றாக ஒற்றி எடுத்தால் சாக்லேட் பிடிக்கும்.

கொடைக்கானல் அன்பர்:

பேரிக்காயா? பழச்செண்டில் காய் எப்படி வரும்?