முதல் முறையாகச் சொந்தமாக அசெம்பிள் பண்ணுகிறேன்: இந்த லிஸ்ட் ஒன்றோடொன்று பொருந்துமா?

கரிசல்கேமரா:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், எல்லாம் அடோபி பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில்தான். இனி வீட்டிலேயே வேலை எடுத்துச் செய்யலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறேன். மானிட்டர், கீபோர்டு எல்லாம் இருக்கிறது, அது போக 85 ஆயிரம் வரை போகலாம். கடையில் அசெம்பிள் பண்ணி வாங்காமல் நானே பார்ட்ஸ் வாங்கி நானே மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, நாளைக்கு ஏதாவது பழுதானால் எனக்கே பார்க்கத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

நான் எழுதி வைத்திருப்பது: பிராசசர் ரைசன் 5 7600, பி550 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. ரேம் வாங்கப் போவதில்லை, மச்சான் தன் பழைய சிஸ்டத்தில் இருந்து கழற்றிக் கொடுத்த டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு இருக்கிறது. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவருடையதுதான், 450 வாட்ஸ், ஆறு வருடம் ஓடியது. கேபினெட் மட்டும் ஆசைப்பட்டு முதலிலேயே வாங்கிவிட்டேன், மைக்ரோ ஏடிஎக்ஸ் சைஸ், ஒரு பக்கம் கண்ணாடி.

ஒவ்வொரு பார்ட்டையும் ஒவ்வொரு வீடியோவில் நல்லது என்று சொன்னதால் எடுத்தேன். நேற்று தெரிந்தவர் ஒருவர் அந்தப் பிராசசர் இந்தப் போர்டில் உட்காரவே உட்காராது என்றார். உண்மையா? அப்படியென்றால் எதை மாற்றுவது?

வைகைக்கரை:

அவர் சொன்னது சரி தம்பி, நல்லவேளை வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்கள். பிராசசர் போர்டில் உட்காரும் இடம்தான் சாக்கெட், ரைசன் 7000 வரிசை முழுக்க ஏஎம்5 சாக்கெட். பி550 என்பது ஏஎம்4 சாக்கெட் போர்டு. ஏஎம்4 பிராசசரில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும், ஏஎம்5-இல் அவை போர்டுப் பக்கம் போய்விட்டன, அதனால் அரைகுறையாகக்கூடப் பொருந்தாது. இன்னொன்று, ஏஎம்5 போர்டு எதிலுமே டிடிஆர்4 போட முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இறங்கவில்லையே என்று அழுத்தினால் ஸ்லாட் போய்விடும்.

முதலில் பிராசசர், அதன் சாக்கெட்டுக்கு ஏற்ற போர்டு, போர்டு கேட்கும் ரேம், அப்புறம் கார்டு, கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்து எஸ்எம்பிஎஸ், கடைசியில் இவை எல்லாம் கொள்ளும் கேபினெட். இந்த வரிசையில் போனால் குழப்பம் வராது. நீங்கள் கடைசிப் பொருளை முதலில் வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை, இனி போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸாக மட்டும் பாருங்கள், அதாவது 244 மிமீக்கு 244 மிமீ. முழு ஏடிஎக்ஸ் போர்டு 305 மிமீ நீளம், உங்கள் பெட்டிக்குள் போகாது.

எனக்குத் தெரிந்து உங்களுக்கு மூன்று வழி. மச்சான் கொடுத்த ரேமை வைத்துக்கொண்டு பி550-இல் ரைசன் 5 5600 போடலாம். அல்லது இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் ஐ5-12400 போட்டு டிடிஆர்4 போர்டு வாங்கலாம். இல்லையென்றால் ரேமை விற்றுவிட்டு ஏஎம்5-க்கே போய்விடலாம். என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஏஎம்5-இல் இன்று 7600 போட்டால் நாளை அதே போர்டில் 9000 வரிசைப் பிராசசர் ஏற்றலாம், எல்ஜிஏ1700 பதினான்காம் தலைமுறையோடு நின்றுவிட்டது. அடுத்த சாக்கெட் வேறு.

நெல்லைஅக்கா:

வைகைக்கரை சாக்கெட் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தம்பி, நீ பார்ட்ஸ் ஒன்றோடொன்று பொருந்துமா என்று மட்டும் கேட்கிறாய், உன் கேமரா ஃபைலோடு பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. எடிட்டிங் சிஸ்டத்துக்கு அதுதான் முக்கியம். என்ன கேமரா, எந்த ஃபார்மட்டில் எடுக்கிறார்கள்? 4:2:2 10 பிட், அதாவது கலர் விவரம் கூடுதலாகப் பதிவாகும் வகை என்றால் பதில் மாறும்.

கரிசல்கேமரா:

சோனி ஏ7 4 அக்கா, இரண்டு பாடி. ஒருவர் எக்ஸ்ஏவிசி எஸ், இன்னொருவர் எக்ஸ்ஏவிசி எச்எஸ். இரண்டுமே 4:2:2 10 பிட்தான், கலர் கிரேடிங்குக்காக. ஸ்டுடியோ சிஸ்டத்தில் பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கான சின்ன சைஸ் காப்பி, போடாமல் டைம்லைன் நகரவே நகராது, ஒரு முகூர்த்த வீடியோவுக்குப் பிராக்ஸி போடவே பாதி நாள் போய்விடும். அதிலிருந்து தப்பிக்கத்தான் புது சிஸ்டமே.

நெல்லைஅக்கா:

அப்போ ஆர்டிஎக்ஸ் 4060-ஐ லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடு. நல்ல கார்டுதான், உன் வேலைக்கு ஆகாது. சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துக் காட்டுவது டிகோடர், 40 வரிசை வரைக்கும் என்விடியா கார்டுகளில் இருக்கும் டிகோடர் 4:2:2-ஐப் பிரிக்காது. 4:2:2 வந்தால் வேலை முழுக்கப் பிராசசரின் தலையில் விழுந்து திணறும், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். நீ காசு கொடுத்து வாங்கிப் பழைய திணறலையே வீட்டுக்குக் கொண்டுவருவாய்.

இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், பதினோராம் தலைமுறையிலிருந்து, எச்.265 என்ற சுருக்கும் முறையில் வரும் 4:2:2 10 பிட்டை நேரடியாகப் பிரிக்கும். அதனால்தான் எங்கள் பக்கம் எடிட்டர்கள் இன்டெல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது எச்.265-ஆன எக்ஸ்ஏவிசி எச்எஸ்ஸுக்கு மட்டும்தான் உதவும். எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, அதன் 4:2:2-க்கு அந்த வழி இல்லை. உன்னிடம் இரண்டும் வருகிறது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-இல் டிகோடரையே மாற்றியிருக்கிறார்கள், எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐப் பிரிக்கும். பிரீமியரைப் புது வெர்ஷனுக்கு மாற்றிக்கொள், பழையதில் அது தெரியாது.

வைகைக்கரை:

இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி அக்கா. ஆனால் கார்டே இரண்டையும் பிரித்துவிடும் என்றால் இன்டெல்தான் வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது இல்லையா, அப்போ ஏஎம்5 + 5060 என்று போகலாமே?

நெல்லைஅக்கா:

போகலாம், தப்பில்லை. நான் காசைப் பார்க்கிறேன். பிரீமியரில் 4கே ஓட்ட 16 ஜிபி போதாது, 32 வேண்டும். ஏஎம்5 என்றால் 32 ஜிபியையும் டிடிஆர்5-இல் புதிதாக வாங்க வேண்டும், 2025 கடைசியில் இருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில். டிடிஆர்4 போர்டு என்றால் கையில் இருக்கும் 16-ஐ வைத்து இன்றைக்கே வேலை தொடங்கலாம், முதல் இரண்டு கல்யாண வேலையில் வரும் காசில் மீதியை வாங்கலாம். வாங்கும்போது இருக்கும் இரண்டோடு இன்னும் இரண்டு 8 சேர்க்காமல், 16 இரண்டு உள்ள ஒரே செட்டாக வாங்கு. வேறு வேறு செட்டுகள் சேர்ந்தால் சில நேரம் ஓடும், சில நேரம் எக்ஸ்போர்ட்டுக்கு நடுவில் ஹேங் ஆகும், எது என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஆக, ஐ5-12400, பி760 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. பெயரில் டி4 அல்லது டிடிஆர்4 என்று இருக்கிறதா என்று பெட்டியிலேயே படித்துப் பார், ஏனென்றால் பி760-இல் டிடிஆர்5 போர்டும் அதே பெயரில், அதே படத்தோடு விற்கிறார்கள், கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எச்610 எடுக்காதே, ரேம் ஸ்லாட் இரண்டுதான். 12400எஃப் கொடுத்தாலும் வாங்காதே. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு என்றைக்காவது வாரண்டிக்குப் போனால் உள் கிராபிக்ஸை வைத்து வேலை ஓடும், கல்யாண சீசனில் அது பெரிய விஷயம்.

எல்ஜிஏ1700-க்கு அடுத்த தலைமுறைப் பிராசசர் வராது என்பது உண்மை. ஆனாலும் 12700 மாதிரி ஒன்றை இதே போர்டில் பிறகு போடலாம். 13, 14-ஆம் தலைமுறைக்குப் போவதாக இருந்தால் முதலில் பயாஸை, அதாவது போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்ய வேண்டும், அவற்றில் வோல்டேஜ் ஏறிப் பிராசசர் கெடும் பிரச்சினைக்கு 2024-இல்தான் இன்டெல் திருத்தம் கொடுத்தது. 12400-க்கு அந்தக் கவலை இல்லை.

பித்தளைமரை:

யாருமே எஸ்எம்பிஎஸ் பக்கம் வரவில்லையே என்றுதான் எழுதுகிறேன். தம்பி, அந்த 450 வாட்ஸை மச்சானிடமே திருப்பிக் கொடுங்கள். கணக்கைப் பாருங்கள், 12400 முழு வேகத்தில் 117 வாட்ஸ், 5060 கார்டு 145 வாட்ஸ், போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் ஒரு 50, 60. ஏறக்குறைய 320. எண்ணிக்கையில் 450 போதும் போலத் தெரியும், ஆனால் ஆறு வருடம் ஓடியது, அதோடு கார்டு திடீரென்று இழுக்கும் நொடிகளைத் தாங்க வேண்டும். என்விடியாவே இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் சொல்கிறது. புதிதாக 550 அல்லது 650, ஐந்து வருட வாரண்டியாவது இருப்பதாக வாங்குங்கள். ஸ்டிக்கரில் 80 பிளஸ் என்று இருப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான அளவு, உள்ளே போட்ட சாமான் நல்லதா என்பதை அது சொல்லாது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள், கழற்றி மாட்டும் வகை என்றால். போர்டுப் பக்கம் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் முனைக்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் பழைய சாட்டா கேபிளையே புதியதில் செருகிவிட்டேன், அழகாகப் பொருந்தியது, பட்டனை அமுக்கியதும் இரண்டு ஹார்ட் டிஸ்க் போயின. 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்திருக்கிறது. அதில் ஒன்றில் என் அக்கா பெண்ணின் காதுகுத்து வீடியோ இருந்தது, வேறு காப்பி இல்லை. அதை இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசையும்.

பிராசசருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். இரண்டும் வேறு. இறங்கவில்லை என்றால் அது அங்கே போக வேண்டியது இல்லை என்று அர்த்தம்.

கரிசல்கேமரா:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஐ5-12400, பி760 டிடிஆர்4 போர்டு, ஆர்டிஎக்ஸ் 5060, 550 வாட்ஸ் புது எஸ்எம்பிஎஸ் என்று மாற்றி எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது, போதுமா? அப்புறம் ஸ்டுடியோவில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், வீட்டிலும் அப்படி வருமா, அது எஸ்எம்பிஎஸ் கோளாறா?

பித்தளைமரை:

யுபிஎஸ்ஸில் விஏ பார்க்காமல் வாட்ஸ் பாருங்கள், பின்னால் எழுதியிருக்கும். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான், மானிட்டரையும் சேர்த்தால் எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் தாங்காது. 1000 விஏ பக்கம் போங்கள், பட்ஜெட் இடிக்கிறது என்றால் இரண்டு மாதம் கழித்தாவது.

சுருக்கென்று இருப்பது எர்த் இல்லாததால். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வரும் வழியில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும், எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் கேபினெட் 230-இல் பாதி வோல்ட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆனால் கார்டையும் பென்டிரைவையும் தொட்டுச் செருகுகிற கையில் அது நல்லதில்லை. பார்ட்ஸ் வாங்கப் போகும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது ஓட்டையில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

மாட்டும்போது கவனிக்க வேண்டியது. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் ஊசிகள் போர்டில் இருக்கும், அதன் மேல் இருக்கும் கறுப்பு மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டு வாரண்டிக்குப் போனால் கேட்பார்கள். ரேம் இரண்டையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் போர்டின் ஓட்டைக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும், ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். பிராசசர், கூலர், ரேம் மட்டும் மாட்டி, போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து ஒரு முறை ஆன் செய்து பாருங்கள், உள் கிராபிக்ஸ் இருப்பதால் படம் வரும். அப்புறம் கேபினெட்டில் ஏற்றலாம்.

நெல்லைஅக்கா:

கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும், போர்டில் இல்லை. கார்டு போட்டதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும், பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்று இருப்பதை ஆன் செய்தால் அதுவும் சேர்ந்து வேலை செய்யும். அதே இடத்தில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கையும் ஆன் செய். அப்புறம் கார்டின் நீளம், கேபினெட் உள்ளே அளந்தாயா?

கரிசல்கேமரா:

இப்போதுதான் டேப் வைத்து அளந்தேன் அக்கா. பின் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை 265 மிமீ. மூன்று ஃபேன் வைத்த மாடல்கள் சிலது 300-ஐத் தாண்டுகின்றன, அதனால் இரண்டு ஃபேன் மாடலாகப் பார்க்கிறேன். எலக்ட்ரீஷியன் நாளைக் காலையில் வருகிறார், சனிக்கிழமை மதுரை போகிறேன்.