போர் நெருங்கும் வேளையில் எழும் எதிர்ப்பு நாட்டைப் பலவீனப்படுத்துகிறதா? (2003 ஈராக் போரை முன்வைத்து)

பாசறை எழுதியது:

2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அதிபர் புஷ்ஷுக்கு வழங்கியது. 2003 மார்ச் 20 அன்று படையெடுப்பு தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து மாதங்களைப் பற்றி அண்மையில் நிறையப் படித்தேன். அந்தப் போர் தவறானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால், அந்த ஒரு தவற்றைக் காட்டி, போர் நெருங்கும் வேளையில் எழும் எதிர்ப்பு அனைத்தும் நாட்டுக்கு நன்மையே என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

1998 இறுதியில் ஈராக்கைவிட்டு வெளியேறிய, பேரழிவு ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கே திரும்ப முடியவில்லை. 2002 செப்டம்பரில் புஷ் ஐ.நா. பொதுப் பேரவையில் எச்சரித்த சில நாட்களிலேயே ஈராக் அவர்களை அனுமதிக்க இசைந்தது. நவம்பர் 8 அன்று பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களும் ஒருமனதாக, ஆய்வுக்கு ஒத்துழைக்க ஈராக்குக்கு இறுதி வாய்ப்பளிக்கும் 1441ஆம் தீர்மானத்தை நிறைவேற்றினர். அதே மாதம் 27ஆம் நாள் ஆய்வு மீண்டும் தொடங்கியது. மிரட்டல் மெய்யானது என்று ஈராக் அதிபர் சதாம் உசேன் நம்பியதால் மட்டுமே இது நடந்தது. 2003 பிப்ரவரி 15 அன்று இலண்டனில் மட்டும் பத்து இலட்சம் பேர் திரண்டு இந்தப் போர் வேண்டாம் என்று முழங்கியபோது, அந்த நம்பிக்கை குலைந்திருக்காதா? அணியில் பிளவு இருப்பதைக் காணும் எதிரி காலம் கடத்தவே முனைவான்.

நெய்தல் எழுதியது:

பாசறை ஐயா, மிரட்டல்தான் ஆய்வாளர்களை உள்ளே கொண்டுசென்றது என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த மிரட்டல் வெற்றி பெற்றுவிட்டது. அதன் பயனை அறுவடை செய்யும் நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். மார்ச் 7 அன்று ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், எஞ்சிய பணிகளை முடிக்க ஆண்டுகள் தேவையில்லை, மாதங்கள் போதும் என்று பாதுகாப்பு அவையில் கூறினார். அதே கூட்டத்தில், பன்னாட்டு அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரதேய், ஆப்பிரிக்க நாடான நைஜரிடமிருந்து ஈராக் அணு ஆயுத மூலப்பொருளான யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் மெய்யானவை அல்ல என்று அறிவித்தார். பதின்மூன்று நாட்களில் போர் தொடங்கியது. வீதியில் நின்ற மக்கள் கேட்டதெல்லாம் அந்தச் சில மாதங்களைத்தான். அவர்கள் எதிரியிடம் பேசவில்லை. தம்மை ஆள்வோரிடம் பேசினார்கள்.

எதிர்ப்பு என்றதும் நாம் ஊர்வலங்களையே நினைக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது மூடிய அறைகளுக்குள் எழுந்த எதிர்ப்பு. புஷ்ஷுக்கு அதிகாரம் வழங்கிய 2002 அக்டோபர் வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு செனட் உறுப்பினர்களுக்கு அளிக்கப்பட்ட இரகசிய உளவு மதிப்பீட்டிலேயே மாற்றுக் கருத்துகள் பதிவாகியிருந்தன. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத் திட்டத்துக்கானவை என்ற முடிவை, அத்துறையில் மிகுந்த தேர்ச்சியுள்ள எரிசக்தித் துறை ஏற்கவில்லை. அணு ஆயுதத் திட்டத்தை ஈராக் மீண்டும் தொடங்கிவிட்டது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு எழுதியிருந்தது. பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட சுருக்கத்தில் இந்த மறுப்புகள் பெரிதும் நீர்த்துப்போயின. முழு ஆவணத்தையும் படித்த செனட்டர்கள் மிகச் சிலரே என்பது பின்னர் வெளிவந்தது. அப்படிப் படித்தவர்களுள் ஒருவர், உளவுத்துறைக் குழுவின் தலைவராக இருந்த பாப் கிரஹாம். அவர் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். இருந்தும் செனட்டில் 77 பேர் ஆதரித்தனர், 23 பேர் மட்டுமே எதிர்த்தனர். ஒற்றுமை என்று நீங்கள் போற்றுவது, படிக்காமலே கைதூக்கிய ஒற்றுமையாகவும் இருக்கலாம் என்பதே என் அச்சம்.

பாசறை எழுதியது:

நண்பர் நெய்தல் அவர்களே, ஆவணத்தைப் படிக்காத செனட்டர்களுக்காக நான் வாதாட மாட்டேன். அவையில் கேள்வி கேட்பது வேறு, போரே கூடாது என்ற மனநிலை நாடு முழுவதும் பரவுவது வேறு. 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றம், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்ற தீர்மானத்தை 275க்கு 153 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 1938இல், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்பாட்டோடு திரும்பிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினை இலண்டன் மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அந்த மனநிலைக்கு ஐரோப்பா கொடுத்த விலை நமக்குத் தெரியும்.

செங்காந்தள் எழுதியது:

ஐயா, நீங்கள் காட்டிய சான்று உங்கள் வாதத்துக்கே எதிராக நிற்கிறது. 1938இல் பெரும்பான்மை சேம்பர்லினோடு இருந்தது. ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எதிர்ப்புக் குரல் சர்ச்சிலுடையது. எதிர்ப்பாளர் வாய்மூடி இருக்க வேண்டும் என்ற விதி அன்று செல்லுபடியாகியிருந்தால் முதலில் அடங்கியிருக்கும் குரல் அவருடையதுதான். அதோடு, 1940 மே 7, 8 ஆகிய நாட்களில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, நார்வேயில் நேர்ந்த தோல்வியைப் பற்றிப் பிரிட்டிஷ் மக்களவை வெளிப்படையாக விவாதித்தது. அரசு 281க்கு 200 என்று வென்றது. ஆனால் ஆளுங்கட்சியினர் பலர் எதிர்த்து வாக்களித்ததாலும் ஒதுங்கி நின்றதாலும் சேம்பர்லின் மே 10 அன்று பதவி விலகினார். ஜெர்மனி மேற்கு ஐரோப்பாவைத் தாக்கத் தொடங்கியதும் அதே நாளில்தான். அந்த விவாதம் பிரிட்டனைப் பலவீனப்படுத்தியது என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

எதிர்த்துப் பேசுவோரை ஒதுக்கும்போது அறிவும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது. 2003 பிப்ரவரி 25 அன்று அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பின் ஈராக்கை நிலைநிறுத்தப் பல இலட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று செனட் குழுவிடம் கூறினார். இரண்டே நாட்களில் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் பால் வுல்போவிட்ஸ் அதை அறவே பொருந்தாத மதிப்பீடு என்று தள்ளிவிட்டார். ஷின்செகி போரை எதிர்க்கவும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்குத் தன் தொழிலறிவோடு விடை சொன்னார். போருக்குப் பின் பாக்தாத் சூறையாடப்பட்டபோது தடுக்க ஆளில்லாமல் நின்றதை நினைத்தால், அந்த விடையைத் தள்ளிவிட்டதன் கொடுமை புரியும்.

பாசறை எழுதியது:

அம்மையீர், சர்ச்சிலைப் பற்றிய உங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆனால் பயன் என்ன என்ற கேள்வி எஞ்சுகிறது. அமெரிக்காவோடு போரில் இணைந்த பிரிட்டனில், 2003 மார்ச் 17 அன்று ராபின் குக் அமைச்சர் பதவியைத் துறந்தார். மறுநாள் ஆளும் தொழிற்கட்சி உறுப்பினர்கள் 139 பேர் தம் அரசுக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள். இறுதியில் 412க்கு 149 என்று போர் ஒப்புதல் பெற்றது. துருக்கி நாடாளுமன்றத்தில் மார்ச் 1 அன்று அமெரிக்கப் படைகளை அனுமதிக்கும் தீர்மானம் 264க்கு 250 என்று முன்னிலை பெற்றும், 19 பேர் நடுநிலை வகித்ததால் தேவையான பெரும்பான்மையின்றித் தோற்றது. அதனாலும் போர் நிற்கவில்லை. வடக்கு வழி அடைபட்டதால் ஒரு படைப்பிரிவு குவைத் வழியாகத் தாமதமாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

நெய்தல் எழுதியது:

துருக்கி மக்களின் பெருவாரியான எதிர்ப்பு அவர்களுடைய மண்ணைப் போர்க்களத்துக்கு வழியாக்காமல் காத்தது. அதைச் சிறிய செய்தியாக நான் எண்ணவில்லை.

பிரிட்டனிலோ, போருக்குச் செல்ல நாடாளுமன்றத்தின் ஒப்புதல் சட்டப்படி தேவையே இல்லை. அது முடியரசின் பெயரால் அமைச்சரவை செலுத்தும் அதிகாரம். தெருவிலும் ஆளுங்கட்சிக்குள்ளும் எழுந்த எதிர்ப்பின் அழுத்தத்தால்தான் 2003 மார்ச் 18இல் போருக்கு முன்பே வாக்கெடுப்பு நடந்தது. அது ஒரு மரபைத் தொடங்கிவைத்தது. 2013 ஆகஸ்ட் 29 அன்று, இரசாயன ஆயுதப் பயன்பாட்டுக்குப் பதிலடியாக முன்மொழியப்பட்ட சிரியா மீதான தாக்குதலை மக்களவை 285க்கு 272 என்று நிராகரித்தபோது, பிரதமர் கேமரன் அதற்குக் கட்டுப்பட்டார். 2003இல் தோற்ற எதிர்ப்பு பத்தாண்டுகள் கழித்து ஒரு பிரதமரின் கையைப் பிடித்து நிறுத்தியது.

பாசறை எழுதியது:

நான் எதிர்பார்த்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். சிரியா பிறகு ஏறத்தாழ 1,300 டன் இரசாயனப் பொருட்களை ஒப்படைத்தது. அதுவும் தாக்குதல் அச்சத்தால்தான். ஆனால் முழுவதையும் ஒப்படைக்கவில்லை என்பதற்கு 2017 ஏப்ரலில் சிரியாவின் கான் ஷேக்கூன் நகரில் சாரின் நச்சுக்காற்றால் இறந்த குழந்தைகள் சாட்சி. போரை ஆதரித்தவர்கள் ஈராக்குக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், அந்த 285 பேரும் கான் ஷேக்கூனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செங்காந்தள் எழுதியது:

ஆம், சொல்லத்தான் வேண்டும். இல்லை என்று வாக்களிப்பதற்கும் விலை உண்டு. அதைச் செலுத்துவது பெரும்பாலும் வேறொரு நாட்டு மக்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். அந்த 285 பேர் இன்னின்னார் என்று நீங்கள் சுட்டிக்காட்டிக் கேட்க முடிவதற்கே, அவர்கள் பெயர் அவைக் குறிப்பில் இருப்பதுதான் காரணம். 2018 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மேயின் அரசு முன்கூட்டியே வாக்கெடுப்பு நடத்தாமல் சிரியா மீதான தாக்குதலில் இணைந்தது. விவாதம் தாக்குதலுக்குப் பிறகே நடந்தது. அது சரியான முடிவா, தவறான முடிவா என்பதை விட்டுவிடுவோம். அன்று எந்த உறுப்பினரும் சான்றுகளை எடைபோட்டு, ஆம் அல்லது இல்லை என்று தன் பெயரில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரபாக இருந்தது அவ்வளவு எளிதாக நழுவிவிட்டதால், போருக்கு முந்தைய வாக்கெடுப்பைச் சட்டமாகவே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். உடனடித் தற்காப்புக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கட்டும். இதில் உங்களுக்கு என்ன மறுப்பு, ஐயா?