64 பேரும் 64 பங்கும்: அமுக்கரா ஆய்வு குறித்து ஒரு வாக்குவாதம்

குடமுருட்டிக்கரை:
"அமுக்கரா, அதாவது அசுவகந்தா என்னும் மூலிகை, மன அழுத்தத்தைப் போக்கும் என்பதை அறிவியல் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துவிட்டது; இனி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை" என்று வைத்தியர்வீட்டுப்பேரன் நேற்று இங்கே எழுதியதைப் படித்துவிட்டு எரிச்சலோடுதான் படுக்கப் போனேன். அவர் சான்றாகக் காட்டியது 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரே ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் அவர் எழுத மறந்துவிட்டார். 64 பேர். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகும் காலைப் பேருந்தில் அதைவிடக் கூடுதலானவர்கள் நின்றுகொண்டே போகிறார்கள்.

வைத்தியர்வீட்டுப்பேரன்:
தலையை எண்ணத் தெரிந்த பெரியவருக்கு ஆய்வின் அமைப்பைப் படிக்கப் பொறுமை இல்லை போலும். அந்த 64 பேரையும் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அமுக்கரா வேர்ச்சாற்றை வேளைக்கு 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளையாக 60 நாட்கள் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தில்லாத வெற்று மாத்திரை உறைகளைக் கொடுத்தார்கள். மருந்து உண்டவர்களின் குருதியில், மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசோல் என்ற சுரப்பு 27.9 சதவீதம் குறைந்தது. எங்கள் பாட்டனார் இதை ஆய்வகம் இல்லாமலே அறிந்திருந்தார். அமுக்கரா சூரணத்தில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் அமுக்கரா 64 பங்கு சேரும். ஆகவே 64 என்ற எண்ணைக் காட்டி எங்களை மிரட்ட வேண்டாம்.

குடமுருட்டிக்கரை:
64 பங்குக்கும் 64 பேருக்கும் என்ன உறவு, தம்பி? ஆய கலைகளும் 64தான்; அவற்றையும் சான்றில் சேர்த்துவிடலாமே. நீங்கள் மறைத்த இன்னொன்றையும் சொல்கிறேன். வெற்று உறையை விழுங்கியவர்களுக்கும் கார்டிசோல் 7.9 சதவீதம் குறைந்தது. அதைக் கழிக்காமல் 27.9 என்று முழங்குவது, களத்துமேட்டில் பதரையும் சேர்த்து மூட்டை பிடிப்பது போன்றது. மேலும், அங்கே கொடுக்கப்பட்டது ஒரு வணிக நிறுவனம் செறிவூட்டிய வேர்ச்சாறு. கிராம்பு இல்லை, திப்பிலி இல்லை, சுக்கு இல்லை. உங்கள் பாட்டனார் இடித்துச் சலித்தது வேறு, ஆய்வாளர்கள் அளந்தது வேறு. ஒன்றின் வெற்றியை மற்றொன்றின் கணக்கில் எழுதுவதற்குப் பெயர் அறிவியல் அன்று. அதுவும் 64 பேரை வைத்துக்கொண்டு.

மன்னார்குடி மருந்தாளுநர்:
"மெய்ப்பித்தல்" என்று இருவரும் எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது. சிறிய ஆய்வு ஒரு போக்கைக் காட்டும். அதைப் பொய் என்றும் தள்ள முடியாது, முடிந்த முடிபு என்றும் கொள்ள முடியாது. அதைவிட முதன்மையானது எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. இசுரேலில் 1960களில் வித்தாஃபெரின் ஏ என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தது இலையிலிருந்து. சப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தார் 2017ஆம் ஆண்டில் எலிகளிடம் உறக்கம் வரவழைத்ததும் இலையில் உள்ள டிரைஎத்திலீன் கிளைக்கால் என்ற சேர்மத்தைக் கொண்டுதான். இங்கே மரபு மருத்துவங்களுக்கான ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகமோ 2021ஆம் ஆண்டு அக்டோபரில் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருந்து உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஐசுலாந்திலும் அமெரிக்காவிலும் அமுக்கரா உண்ட ஐவருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பு 2020ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் பதிவானது. வேரா, இலையா, சாறா, சூரணமா என்று பிரிக்காமல் பேசினால் விவாதம் நகராது.

வைத்தியர்வீட்டுப்பேரன்:
சகோதரி, பாலின் ஆவியில் பிட்டுப்போல் அவித்து, உலர்த்தித் தூய்மை செய்த வேர்க்கிழங்கைத்தான் நாங்கள் சூரணத்தில் சேர்க்கிறோம். ஐசுலாந்துக்காரர் எதை விழுங்கினார் என்பதற்கு எங்கள் திண்ணை பொறுப்பாகாது. பெரியவர் எதிர்ப்பதன் காரணம் வேறு. சென்ற ஆண்டு வெட்டிவேர் விவாதத்தில் நான் அவர் பிழையைச் சுட்டிக்காட்டினேன்; அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

நாகூர்வாசி:
நடுவில் ஒரு பெருமையான செய்தி. சந்தையில் உயர்ந்த வகையை "நாகோரி அசுவகந்தா" என்கிறார்கள். நாகோரி என்றால் எங்கள் நாகூர்தானே? துறைமுகத்தின் வழியே உலகுக்கு அமுக்கராவைக் கொடுத்தவர்கள் நாங்களே என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படுகைநிலத்தார்:
ஒப்புக்கொள்ள இயலாது. அது இராசத்தானத்தில் உள்ள நாகௌர். இன்று பெருமளவில் விளைவது மத்தியப் பிரதேசத்தின் மந்தசௌர், நீமச் பகுதிகளில். அது வறண்ட நிலத்துப் பயிர். ஆடி ஆவணியில் விதைத்து, ஆறு மாதம் வரை நிறுத்தி, வேரைத் தோண்டுவார்கள். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கட்டி நிற்கும் நம் களிமண்ணில் போட்டால் வேர் அழுகிப் போகும். கொள்ளிடப் படுகை மணலில் நான் சிறிதளவு வைத்துப் பார்த்ததால் சொல்கிறேன்.

நாகூர்வாசி:
சிறிதளவு வைத்தவர் ஊர் வரலாற்றைத் தீர்மானிக்கிறார். நாகோரி, நாகூர். ஒலியைக் கேட்டாலே தெரியும்.

குடமுருட்டிக்கரை:
ஒலியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களோடுதான் நான் நேற்றிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்டிவேர் விவாதத்தில் பிழை செய்தவர் யார் என்பது பழைய பதிவுகளைப் புரட்டினால் விளங்கும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, நானாகப் பேசவும் மாட்டேன், ஆனால் மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் நாளையே தவறாக எழுதியவர் யார் என்று நினைவுள்ளவர்களுக்கு நினைவிருக்கும். டென்மார்க் அரசு 2023ஆம் ஆண்டில் அசுவகந்தாவை உணவுப் பொருள்களில் தடை செய்தது. அதற்கும் திண்ணை பொறுப்பாகாதா? தம்பியின் சூரணக் கணக்கையும் நான் கூட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து 64 வரை கூட்டினால் 127 பங்கு. அதன் பிறகு சர்க்கரை 128 பங்கு சேர வேண்டும் என்பதை அவர் ஏன் எழுதவில்லை? பாதிக்குமேல் சர்க்கரையாக இருக்கும் ஒன்றை, வீட்டுக்கு ஒரு நீரிழிவுக்காரர் இருக்கும் இந்த மாவட்டத்தில், அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று எழுதுகிறார். எத்தனை பேரை வைத்து? 64 பேரை வைத்து.

வைத்தியர்வீட்டுப்பேரன்:
சர்க்கரை வேண்டாதவருக்கு வைத்தியர் அதை நீக்கிக் கொடுப்பார். இது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். டென்மார்க்கின் தடையைத் தமிழ் மருத்துவத்துக்குத் தீர்ப்பாக ஏற்கிறவர், தஞ்சையில் சரபோசி மன்னர் தன்வந்திரி மகாலை நிறுவி வைத்திய முறைகளை ஆராயச் செய்ததை ஏன் ஏற்கவில்லை?

குடமுருட்டிக்கரை:
ஏற்கிறேன். அந்த மகாலில் எத்தனை பேருக்கு வெற்று உறை கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மன்னார்குடி மருந்தாளுநர்:
வேரா, இலையா என்ற என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

வைத்தியர்வீட்டுப்பேரன்:
வேர் என்று அப்போதே சொல்லிவிட்டேன், சகோதரி. பெரியவர்தான் 7.9ஐ எங்கிருந்து எடுத்தார் என்பதைச் சொல்லவில்லை.

குடமுருட்டிக்கரை:
நீங்கள் 27.9ஐ எடுத்த அதே ஆய்விலிருந்துதான் எடுத்தேன். அடுத்த வரியையும் படித்திருக்க வேண்டும்.

நாகூர்வாசி:
நாகோரி விவகாரத்துக்கு இன்னும் ஒருவரும் முறையான மறுப்பு எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.