மறு: மறு: ‘கை வயர்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: வளசரவாக்கம் மொழிபெயர்ப்பாளர் | திங்கள் இரவு

அன்புள்ள குழுவினருக்கு,

வானிலைக் கருவிகளைச் சுமக்கும் 10 மீட்டர் கம்பங்களை நிறுவுவோருக்கும் பராமரிப்போருக்குமான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மின்கலம், நிலத்தொடர்பு, தலைக்கவசம் எல்லாவற்றையும் ஒருவழியாகக் கடந்துவிட்டேன். கம்பத்தின் மேற்பகுதியிலிருந்து மூன்று பக்கமும் சரிந்து இறங்கி, தரையில் புதைத்த கான்கிரீட் கட்டையோடு இறுக்கப்படுகிறதே, அந்த எஃகு முறுக்குக் கம்பிக்குத்தான் சொல் அகப்படவில்லை.

எனக்கு முன் இந்த வேலையைச் செய்தவர் guy wire என்பதன் ஆங்கில ஒலியை அப்படியே எடுத்து ‘கை வயர்’ என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த வரைவை வைத்து அம்பத்தூரில் ஒரு பயிற்சி நடந்தது; நானும் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தாளை வாசித்தார், கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், இடுப்புப் பட்டையின் கொக்கியை எடுத்து நேராக அந்தக் கம்பியில் மாட்டிவிட்டார். கையால் பற்றிக்கொள்வதற்காக விட்டிருக்கும் வயர் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் எழுத்தில் அப்படித்தானே இருக்கிறது. ஏறுபவர் கொக்கி மாட்டவே கூடாத இடம் அது. சரிவில் வழுக்கிக்கொண்டு கீழே வரலாம். மூன்று பக்கமும் சமமாக இருக்கும் இழுப்பும் குலையும்.

ஆகவே சொல் அழகாக இருக்க வேண்டியதில்லை. தவறான வேலையைச் செய்யத் தூண்டாமல் இருந்தால் போதும்.


அனுப்பியவர்: பெரம்பூர் மின்பொறியாளர் (ஓய்வு) | செவ்வாய் காலை

இதற்கு ஒரு கூட்டம் போட வேண்டுமா ஐயா? எந்த லைன்மேனையும் கேளுங்கள், ‘ஸ்டே கம்பி’ என்பார். தெரு திரும்பும் இடத்தில் மின்கம்பத்தை ஒருபுறமாக இழுத்துப் பிடித்திருக்கும் அதே கம்பிதான். அதன் நடுவே முட்டை வடிவில் ஒரு பீங்கான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பியை நிலத்தோடு இணைத்திருக்க வேண்டும் என்பது விதி. மேலே மின்சாரம் பட்டாலும் கீழ்ப்பகுதிக்கு வரக் கூடாதல்லவா? நம் ஊரில் அந்தக் கம்பியில்தான் மாட்டைக் கட்டுகிறார்கள், ஈரத்துணியைக் காயப்போடுகிறார்கள். மழைக்காலத்தில் நாளிதழ் படிப்பவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

கையேட்டில் இன்னொன்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கம்பத்துக்கும் அருகில் செல்லும் மின்கம்பிக்கும் இடையே, கம்பத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது தூரம் வேண்டும். 10 மீட்டர் கம்பம் என்றால் 15 மீட்டர். நிமிர்த்தும்போது கைதவறிச் சாய்ந்தாலும் மின்கம்பியில் படக் கூடாது. புறநகரில் இடம் பார்க்கப் போகிறவர்கள் காற்று எப்படி வருகிறது என்று பார்க்கிறார்களே தவிர, தலைக்கு மேலே என்ன போகிறது என்று பார்ப்பதில்லை.


அனுப்பியவர்: தாம்பரம் தமிழாசிரியை | செவ்வாய் மதியம்

> ‘ஸ்டே கம்பி’ என்பார்

என்பார்தான். ஆனால் ‘ஸ்டே’ என்றால் என் மாணவர்களுக்கு நீதிமன்றத்தில் வாங்குவது மட்டுமே தெரியும்.

வினைத்தொகையாக ‘இழுகம்பி’ என்று வைக்கலாம். ஊறுகாய், சுடுசோறு, இழுகம்பி. நேற்று இழுத்த கம்பி, இன்று இழுக்கின்ற கம்பி, நாளை இழுக்கும் கம்பி. மூன்று காலத்தில் எதில் இழுக்கத் தவறினாலும் கம்பம் கீழே என்பதால், வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது; ‘இழுக்கம்பி’ என்று அச்சேற்றிவிடாதீர்கள். ‘இழுக்கு’ வந்து ஒட்டிக்கொள்ளும்.


அனுப்பியவர்: மயிலாப்பூர் புலவர் | செவ்வாய் இரவு

அம்மையார் காட்டிய இலக்கணம் சரி, சொல் வறியது. ‘இழு’ என்பது மாட்டுவண்டிக்கும் பொருந்தும்.

நம்மிடம் சொல் இல்லையா? பெரும்பாணாற்றுப்படையில் கடற்கரை விளக்கு மாடத்தைப் பாடும் இடத்துக்குப் போங்கள்: ‘வானம் ஊன்றிய மதலை போல, ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி’. வானத்துக்கு ஊன்றிவைத்த கால் போன்ற உயரம், சாத்திய ஏணி, ஏறுதற்கரிய உச்சி. உயரத்தில் வேலை செய்வோர் கையேட்டுக்கு வேறென்ன முன்னுரை வேண்டும்? அடுத்து, குறள் 449: ‘முதலிலார்க்கு ஊதியமில்லை மதலையாஞ் சார்பிலார்க்கு இல்லை நிலை’. பக்கத்தில் நின்று தாங்கும் துணை இல்லையேல் நிலைபேறு இல்லை. உங்கள் மூன்று கம்பிகளும் செய்யும் வேலை அதுதானே? ‘மதலைக்கம்பி’ என்று எழுதுங்கள்.

வேர் கேட்பவர்களுக்கு: ‘மதவே மடனும் வலியும் ஆகும்’ என்பது தொல்காப்பிய உரியியல். மத என்னும் வலிமையிலிருந்து மதலை. குழந்தைக்கும் அப்பெயர் உண்டு. பெற்றோரை முதுமையில் தாங்குவதால் வந்த பெயர் என்பது என் துணிபு. யானைக்கு மதம் பிடிப்பதும், மதமதவென்று செடி வளர்வதும், மதகு நீரைத் தடுத்து நிறுத்துவதும் ஒரே குடும்பம் என்பேன். மதகைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.


அனுப்பியவர்: தாம்பரம் தமிழாசிரியை | செவ்வாய் இரவு

அந்த நூற்பாவில் வலிக்கு முன்னால் மடன், அதாவது பேதைமை, நிற்கிறது ஐயா.


அனுப்பியவர்: பள்ளிக்கரணை காற்றளவையாளர் | புதன் காலை

களத்தில் நிற்பவன் என்ற முறையில் சில சொற்கள்.

மதலை என்றால் முட்டுக்கொடுப்பது. முட்டு தள்ளும், கம்பியால் தள்ள முடியாது, இழுக்க மட்டுமே முடியும். கம்பம் கிழக்கே சாய்ந்தால் வேலையை மேற்குக் கம்பி செய்கிறது. கிழக்குக் கம்பி தொய்ந்துபோய் நிற்கும். முட்டு என்று நினைப்பவர் கிழக்கே போய் இறுக்குவார், கம்பம் இன்னும் சாயும். ‘தாங்குகம்பி’ என்று யாராவது எழுதுவதற்குள் அதையும் சேர்த்தே மறுத்துவிடுகிறேன்.

‘கட்டுக்கம்பி’ என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். வேண்டவே வேண்டாம். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர் பையில் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய கம்பிக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. கையேட்டைப் பார்த்து யாராவது கடையில் அதை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

இழுகம்பியில் எனக்கு ஒரே ஒரு அச்சம்தான். இழுக்க இழுக்க நல்லது என்று தோன்றிவிடக் கூடாது. அளவுக்கு மேல் முறுக்கினால் மூன்று கம்பிகளும் சேர்ந்து கம்பத்தைக் கீழ்நோக்கி அமுக்கும். மெல்லிய கம்பம் நடுவில் வளையும். கம்பி அறுந்துபோகும் வலுவில் ஏறத்தாழ 10 விழுக்காடு இழுப்பு என்பது பொதுவான கணக்கு. மூன்றையும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கி, தூக்குக்குண்டு வைத்து நேர் பார்க்க வேண்டும். முடிந்ததும், கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் திருகுகிற டர்ன் பக்கிளின் துளை வழியே மெல்லிய கம்பியைக் கோத்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் அதிர்விலேயே அது தானாகக் கழன்று தளரும். கம்பியின் மடித்த நுனியைச் சேர்த்துப் பிடிக்கும் யு வடிவக் கிளாம்பைப் பொறுத்தவரை, வளைந்த போல்ட் எப்போதும் மடித்துவிட்ட அந்தக் குட்டை வால் மேல்தான் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் பகுதியையே நசுக்கிவிடும். இவை எல்லாம் கையேட்டில் இருக்கின்றனவா?

எண்ணூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வரியும் வேண்டும். உப்புக்காற்றில் மேலே தெரியும் துரு பெரிய ஆபத்தில்லை, அதைப் பார்த்துவிடலாம். கம்பியைக் கான்கிரீட் கட்டையோடு இணைக்கும் நங்கூரத் தண்டு மண்ணுக்குள் ஒரு சாண் கீழே அரித்துப்போவதுதான் ஆபத்து. ஆண்டுக்கு ஒருமுறையாவது தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.


அனுப்பியவர்: மயிலாப்பூர் புலவர் | புதன் மதியம்

முட்டு தள்ளும், கம்பி இழுக்கும் என்ற வாதத்தை ஏற்கிறேன். அப்படியானால் முல்லைப்பாட்டில் பாசறை அமைக்கும் இடம்: ‘கூடம் குத்திக் கயிறு வாங்கு இருக்கை’. கால்களை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிய கூடாரம். கயிற்றை விறைப்பாக இழுப்பதற்கு வினைச்சொல் ‘வாங்குதல்’. எனவே ‘வாங்குகம்பி’. வினைத்தொகையும் ஆயிற்று, அம்மையாரும் மகிழலாம்.

‘நங்கூரம்’ என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியதை இன்று விட்டுவிடுகிறேன்.


அனுப்பியவர்: கே.கே. நகர் யாழ்ப்பாணத்தவர் | புதன் மாலை

எங்கள் ஊரில் வாங்கு என்றால் உட்காரும் பெஞ்சு. உங்கள் ஊரில் காசு கொடுத்துப் பெறுவது. கம்பத்தின் அடியில் நிற்கும் பிள்ளை, யாரோ கம்பி வாங்கி வரச் சொல்கிறார்கள் என்று கடைக்குப் போய்விடும்.


அனுப்பியவர்: பெரம்பூர் மின்பொறியாளர் (ஓய்வு) | புதன் இரவு

சங்ககாலப் பாசறையிலிருந்து யாராவது இறங்கி வருவீர்களா? கம்பத்தில் ஏறுவதற்கு முன் எங்கள் ஆட்கள் கேட்கும் ஒரே கேள்வி ‘எல்.சி. வாங்கியாகிவிட்டதா’ என்பதுதான். லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது; மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி. அந்த இரண்டு எழுத்தில் ஓர் உயிர் தொங்குகிறது. நாளையே நீங்கள் அதைத் ‘தடஒழிவு ஒப்பளிப்பு’ என்று மாற்றினால், அவர் அகராதி தேடும் நேரத்தில் யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். தூய்மை வீட்டில் இருக்கட்டும். கம்பத்தின் மேல் பழக்கம்தான் காப்பாற்றும்.


அனுப்பியவர்: மயிலாப்பூர் புலவர் | புதன் இரவு

பழக்கம் வானத்திலிருந்து விழுந்ததா? ‘பேருந்து’ வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. அந்நாளைய வான் ஆய்வகத்தில் தொலைநோக்குக் கருவியைச் சுமந்த தூண். அதில் பிற மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். கருவி சுமக்கும் தூணுக்கு வெள்ளைக்காரரே அன்று தமிழ் எழுதினார். இன்று நாம் ‘ஸ்டே’ என்கிறோம்.


அனுப்பியவர்: தாம்பரம் தமிழாசிரியை | வியாழன் காலை

பேருந்து நிலைத்தது, ஒப்புக்கொள்கிறேன். சைக்கிளுக்கு வைத்த ‘ஈருருளி’ என்னவாயிற்று? இந்தக் குழுவைத் தாண்டவில்லை. நடத்துநர் வாயில் ஏறிய சொல் வாழ்கிறது.

இடிதாங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். இடி வெறும் ஓசை, எரிப்பது மின்னல். அந்தக் கருவி எதையும் தாங்குவதுமில்லை, நிலத்துக்குக் கடத்திவிடுகிறது. இரண்டு பாதியும் பிழை. ஆனாலும் ‘இடி விழுந்தது’ என்று பேசுகிற ஊரில் அதை யார் திருத்துவது? வீட்டில் எல்லார் ஏச்சையும் வாங்கிக்கொள்பவருக்கும் அதே பெயர் போய்விட்டது.


அனுப்பியவர்: பள்ளிக்கரணை காற்றளவையாளர் | வியாழன் மதியம்

இடிதாங்கி பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. அது இருக்கிறது என்ற தைரியத்தில் மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இடிதாங்கி காப்பது கருவியை. இடி முழங்கும்போது கம்பத்தில் ஆள் இருக்கக் கூடாது; அடியில் நிலத்தொடர்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டும் நிற்கக் கூடாது. பெயர் தரும் நம்பிக்கை அப்படி; அதனால்தான் சொல்லில் இவ்வளவு கவனம் கேட்கிறேன். வர்தா புயல் வந்த 2016 டிசம்பர் 12க்குப் பிறகு இந்த ஊரில் காற்றின் வலிமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பியின் வேலையைத்தான் இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது.

என் வாக்கு இழுகம்பிக்கு.


அனுப்பியவர்: வளசரவாக்கம் மொழிபெயர்ப்பாளர் | வெள்ளி காலை

நேற்று இரவு வரை வந்த மடல்களையும் தனிமடல்களையும் பார்த்தேன். இழுகம்பிக்குத்தான் ஆதரவு அதிகம். அதில் பாதிப்பேர் ‘எதையாவது வைத்து முடியுங்கள்’ என்று எழுதியவர்கள். அச்சுக்குப் போகும் வாசகம் இது:

‘கம்பத்தை மூன்று பக்கமும் இழுத்து நிறுத்தும் எஃகுக் கம்பி இழுகம்பி எனப்படும். களத்தில் ஸ்டே கம்பி என்று சொல்வதும் இதையே. இழுகம்பியைப் பிடித்து ஏறாதீர்கள். பட்டைக் கொக்கியை அதில் மாட்டாதீர்கள். ஒன்றைத் தளர்த்தும் முன் மற்ற இரண்டையும் பாருங்கள். கம்பத்தில் ஆள் இருக்கும்போது எதையும் தளர்த்தாதீர்கள்.’

ஒன்றரை மடங்குத் தூரத்துக்குப் படம் வரைந்தாயிற்று. டர்ன் பக்கிள், கிளாம்ப் இரண்டும் அப்படியே இருக்கின்றன.


அனுப்பியவர்: மயிலாப்பூர் புலவர் | வெள்ளி இரவு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘ஸ்டே கம்பி என்று சொல்வதும்’ என்று ஒரு வரி இருக்கும்வரை எவரும் இழுகம்பி என்று சொல்லப் போவதில்லை.

டர்ன் பக்கிளை ஏன் அப்படியே விட்டீர்கள்? வீணை நரம்பை விறைப்பாக்கத் திருகுவது முறுக்காணி. திருகினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். இன்றும் யாருக்கும் விளங்கும்.


அனுப்பியவர்: பெரம்பூர் மின்பொறியாளர் (ஓய்வு) | வெள்ளி இரவு

புலவர் ஐயா, இது உண்மையிலேயே நல்ல சொல். எங்கள் ஆட்களிடம் நானே சொல்வேன். மதகுக்குப் போகாமல் திங்களன்றே இதை எழுதியிருக்கக் கூடாதா?


அனுப்பியவர்: வளசரவாக்கம் மொழிபெயர்ப்பாளர் | வெள்ளி இரவு

மாலை ஆறு மணிக்கு அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். தாள் ஏற்றிவிட்டார்கள்.


அனுப்பியவர்: மயிலாப்பூர் புலவர் | வெள்ளி இரவு

இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதலைக்கம்பியையும்.